பன்னிரண்டு பெருக்கல் குறிகள்

எங்கள் பாலர் வகுப்பின் பின்சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள் இருக்க வேண்டும். இருக்கின்றன, கீழ்ப்பாதியில். மேல்பாதி முழுக்க என் சான்றிதழ்கள். மொத்தம் முப்பத்தொன்று, எல்லாமே லாமினேட் செய்தவை. படிக்கத் தெரியாத பிள்ளைகளின் சுவரில் எதற்கு மாட்டினாய் என்று கேட்டால், மாலையில் கூட்டிப்போக வரும் பெற்றோர் நின்று பார்க்கட்டும் என்றுதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சக ஆசிரியைகள் எனக்கு ‘சான்றிதழ் அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் பாலர் வகுப்பு எடுப்பவர்களுக்கு மெல்லப் பேச வராது. குரல் தாழ்த்திப் பேசுவதற்கும் ஒரு பயிற்சி உண்டு. அதற்கும் நான் போய்விட்டு வந்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பிரசவ விடுப்பில் போன ஓர் ஆசிரியைக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் திரும்பி வந்தார். அவருடைய குழந்தை வளர்ந்து என் வகுப்பில் சேர்ந்தது, எண்ணக் கற்றுக்கொண்டது, போய்விட்டது. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிப் படிப்பையே முடித்துவிட்டது. நான் அதே குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம்.

முப்பத்தொரு சான்றிதழில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் பொறுமை’ என்ற ஒருநாள் பயிற்சிக்கு வாங்கியது. அன்று மாலை பெயர் கூப்பிடும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு பஸ் போய்விடும் என்று மேசைக்கே போய், கட்டைப் பிரித்து, என்னுடையதை நானே உருவிக்கொண்டு ஓடிவந்தேன்.

இப்பேர்ப்பட்ட என் வகுப்பில் வருட நடுவில் ஒரு பாப்பா வந்து சேர்ந்தாள். நாலு வயது. பேச மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வந்ததும் நேராக ஜன்னலிடம் போய் அதன் கொக்கியைத் தூக்கித் தூக்கிப் போடுவாள். வகுப்பைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்குக் கைகால் கழுவிவிடும் எங்கள் ஆயாம்மா முதல் நாளே அவளுக்கு ‘ஜன்னல் பாப்பா’ என்று பெயர் வைத்துவிட்டார்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு பருவம் பாருங்க. உங்க கவனிப்புத் தாள்ல என்ன வருதோ அதை வெச்சுத்தான் முடிவு. ஒத்து வரலைன்னா அவங்க அம்மாகிட்ட தனிப் பள்ளிக்கூடம் பாக்கச் சொல்லிடலாம்.”

அந்தத் தனிப் பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. பாப்பாவின் அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அங்கே சேர்த்தால் அந்தம்மா வேலையை விட வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

அதே பருவத்தில்தான் ‘எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் வகுப்பறை’ என்ற பயிற்சியும் நடந்தது. ஆறு சனிக்கிழமைகள். நான் முதல் வரிசை. எல்லோருக்கும் பேச இடம் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சனிக்கிழமை இருபது நிமிடம் தொடர்ந்து பேசினேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

கவனிப்புத் தாளில் பன்னிரண்டு வரிகள். பாட்டில் சேர்ந்துகொள்கிறாளா, மற்றவர்களைப் பார்த்துச் செய்கிறாளா, சொன்னதைப் புரிந்துகொள்கிறாளா, இப்படி. உண்டென்றால் சரிக்குறி, இல்லையென்றால் பெருக்கல் குறி. எங்கள் தொழிலில் இதை நிரப்ப நேரம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பாட்டு முடிந்ததும் ஆயாம்மா பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துப் போய், வரிசையில் நிற்கவைத்து, நாலு நாலு பேராகக் கை கழுவிவிடுவார். அந்த ஏழு நிமிடத்தில் அலமாரி மேல் தாளை வைத்து, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று எழுதி முடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நான் பிள்ளைகளைக் கவனித்ததை எழுதுவது இப்படித்தான். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், நான் கொஞ்சம் வேகம்.

பாட்டு என்றால் சாதாரணப் பாட்டு இல்லை, நானே கட்டிய பாட்டு. யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லிவிடுவேன். ஒரு விதை மண்ணுக்குள் தூங்கும், மழை வந்து தட்டும், முளைக்கும், மரமாகும், காற்றில் ஆடும், இலை கொட்டும். பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து விதையாவார்கள், விரலால் மழை பெய்வார்கள், எழுந்து கையைத் தூக்கி ஆடி, கடைசியில் தங்களுக்கே கை தட்டிக்கொள்வார்கள். நான் ஒவ்வொருவரையும் பார்த்து “சபாஷ்!” என்பேன். ஜன்னல் பாப்பா மட்டும் பாயின் ஓரத்தில் கல் மாதிரி நிற்பாள். பாட்டு முடியும், பெருக்கல் குறி போடுவேன். நாலு மாதம் இதே கதை.

பயிற்சியின் கடைசி வேலையாக, தன் வகுப்பை இருபது நிமிடம் படம் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். என் கையில் போய் இதைக் கொடுத்தால் சும்மா விடுவேனா? முதல்நாளே முடியை வெட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பொம்மை அலமாரியில் மரக்கட்டைகளை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன். அன்றே கடைசிக் கவனிப்புத் தாளையும் நிரப்பினேன். பன்னிரண்டு வரி, பன்னிரண்டு பெருக்கல் குறி. கீழே ‘இந்தக் குழந்தைக்கு எங்கள் வகுப்பு ஏற்றதல்ல’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, கையொப்பம் போட்டு, தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்தம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். ஐந்து தடவை பார்த்தேன். ஐந்து தடவையும் என்னைத்தான் பார்த்தேன். முடி நன்றாக வந்திருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை மடக்கிவிட்டு, “நீயே நடிச்சு நீயே பாக்கற ஒரே படம் இதுதான்” என்றார். நான் சட்டை செய்யவில்லை.

பாட்டு முடிந்தபிறகு போனை நிறுத்த மறந்துவிட்டிருந்தேன். அந்த வால் பகுதியை வெட்டலாம் என்று ஆறாவது தடவை கடைசிவரை ஓட்டினேன். பிள்ளைகள் கை கழுவப் போகிறார்கள். நான் எதிர்ச்சுவர் அலமாரியிடம் போகிறேன், முதுகு தெரிகிறது, கை வேகமாக ஆடுகிறது. எனக்குப் பின்னால், காலியான பாயில், ஜன்னல் பாப்பா மெல்லக் குந்தி உட்கார்ந்தாள்.

விதை.

விரலை ஆட்டினாள், மழை. எழுந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாள். விரல்களை இலை மாதிரி ஒவ்வொன்றாக உதிர்த்தாள், அதில்கூட ஒரு அடி பிசகவில்லை. கை தட்டிக்கொண்டாள். அதே நேரம் முன்னால் என் கை ‘பாட்டில் சேர்ந்துகொள்கிறாளா’ என்ற வரிக்குப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு முடிந்ததிலிருந்து அவள் குந்துகிற வரைக்கும் எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஒரு நிமிடம் பத்து நொடி. மற்ற நாட்களில் அந்த ஒரு நிமிடம் பத்து நொடிக்குள் ஆயாம்மா அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பார். அன்று ஏனோ கடைசியாகக் கூட்டிப் போகலாம் என்று அவளை விட்டு வைத்திருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. கை தட்டி முடித்தபிறகு பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு நொடி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லோருக்கும் கிடைக்கிற அந்த ‘சபாஷு’க்குத்தான். பிறகு ஜன்னலிடம் போய்க் கொக்கியைத் தூக்கிப் போட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கட்டைவிரல் வெட்டுகிற பொத்தானின் மேலேயேதான் இருந்தது. வெட்டிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. முடி நன்றாக வந்த இருபது நிமிடம் இருக்கிறது, முப்பத்திரண்டாவது சான்றிதழ் வந்துவிடும். அரைமணி நேரம் அந்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன ஆச்சு? முடி சரியா விழலையா?” என்றார் வீட்டுக்காரர்.

“நான்தான் சரியில்லை” என்றேன். சிரிக்க வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்தம்மா கவுன்ட்டர் சீருடையிலேயே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். என்ன சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்து வந்த முகம். தலைமை ஆசிரியை என் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றேன். “அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க ரெண்டு பேரும்.”

போனை மேசையில் வைத்து, வால் பகுதியை மட்டும் ஓட்டினேன். தலைமை ஆசிரியை என் முதுகையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தம்மா போனை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

“இதை வீட்டுலயும் பண்றா டீச்சர்” என்றார். “தினம் சாயங்காலம். நான் அடுப்புல வேலையா இருக்கும்போது மூலையில போய்க் குந்திக்குவா. அப்புறம் விரலை ஆட்டுவா, எழுந்து கையைத் தூக்குவா. எனக்கு பயமா இருக்கும். ஏதோ வலிப்பு மாதிரின்னு நினைச்சேன். டாக்டர்கிட்டகூட சொன்னேன்.”

“அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

“கையை இறுக்கிப் பிடிச்சு உக்கார வெச்சிடுவேன். அழுவா.” போனை மடியில் இறக்கினார். “இது பாட்டா டீச்சர்?”

வீட்டில் கையைப் பிடித்து நிறுத்தினார்கள், பள்ளியில் முதுகைக் காட்டி நிறுத்தினோம். அந்தக் குழந்தை நாலு மாதமாக என் பாட்டை இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றோர் முன்னால் அழக் கூடாது என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

“பாட்டுதாங்க. நான் கட்டின பாட்டு” என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை பாருங்கள். அந்த அலுவலக அறையில், கோப்பு அலமாரிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில், முழுப் பாட்டையும் பாடிக்காட்டினேன். விதையாகக் குந்தும்போது முழங்கால் சடக்கென்றது. அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“தாளை என்ன பண்றது?” என்றார் தலைமை ஆசிரியை.

“கிழிச்சிடுங்க மேடம்.”

“கிழிக்க முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டு, நான் பதிவு எண் போட்டாச்சு. கீழ இடம் இருக்கு, எழுதுங்க.”

எழுதினேன். ‘மேலே உள்ள பன்னிரண்டு பெருக்கல் குறிகளும் ஆசிரியருக்கு உரியவை. குழந்தை பதில் சொல்லும் வரை அவர் நிற்கவில்லை.’ இன்னொரு கையொப்பம் போட்டேன். தலைமை ஆசிரியை அதை இரண்டு தடவை படித்தார். “இந்த வருஷம் முழுக்க இங்கேயே இருக்கட்டும். அடுத்ததை அப்ப பாக்கலாம்” என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். அந்தம்மா கவுன்ட்டருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர், வாசலில் நின்று, “மழைக்கு ரெண்டு கையா, ஒரு கையா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பாட்டு முடிந்தது. ஆயாம்மா வாளியோடு வந்தார். “இன்னிக்குக் கொஞ்சம் பொறுங்க ஆயாம்மா” என்று சொல்லிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் பத்து நொடி என்பது கேட்பதற்குச் சின்னது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகள் நெளிந்தார்கள், ஒருத்தன் என் செருப்பை இழுத்தான், அலமாரிமேல் இருந்த தாள் என்னைக் கூப்பிட்டது. கை தன்னால் பேனாவைத் தேடியது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஜன்னல் பாப்பா குந்தினாள். மழை பெய்தாள், முளைத்தாள், ஆடினாள், இலை கொட்டினாள், கை தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை என் முகம் இருந்தது.

“சபாஷ்!” என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்டமாதிரியே இல்லை. நாலு மாதம் தாமதித்துச் சொன்னால் யாருக்கு வேண்டும் என்று எனக்குள்ளேயே நொந்துகொண்டேன். எழுந்திருக்க ஒரு கையை ஊன்றிவிட்டேன்கூட.

“டீச்சர், கை கழுவ நேரமாச்சு” என்றார் ஆயாம்மா.

“நீங்க இவங்களைக் கூட்டிட்டுப் போங்க ஆயாம்மா. நான் அப்புறம் இவளோட வரேன்” என்று சொல்லி, ஊன்றிய கையை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வராந்தாவில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முதல் நாலு பேர் கழுவி முடித்தார்கள், அடுத்த நாலு பேர் போனார்கள். அதற்கப்புறம்தான் அவள் சிரித்தாள்.