விசா கேட்கப் போய் வீட்டு உறுதியை நீட்டினேன்

சொந்தப் பெயரில் வீடில்லாத ஆம்பிளைக்கு வெளிநாட்டு விசா கிடைக்காது என்று நான் முழுதாக நம்பினேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி. நான் வேலை செய்த கடற்கரை ஹோட்டலுக்கு ஜேர்மன்காரர் நிறைய வரத் தொடங்கியதால், ஆறு மாதம் ஜேர்மனிக்குப் போய் அவர்கள் பாஷையைப் படித்து வரும்படி முதலாளி சொல்லியிருந்தார். வகுப்பு தொடங்க மூன்று கிழமைதான் இருந்தது.

எங்கள் கல்முனைப் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். நானும் மனைவி வீட்டில் இருப்பவன். திரும்பி வருவேன் என்பதற்கு எதைக் காட்டுவது? கடைசியில் மாமியிடமே கேட்டேன்.

"மாமி, வீட்ட ஆறு மாசத்துக்கு என்ட பேர்ல மாத்துவமா?"

"உங்கட பேர்ல மாத்தினா, மருமகன், நீங்க திரும்பி வந்தாப் போலதான்!" என்று மாமி மறுத்துவிட்டா.

மனைவி சிரித்துக்கொண்டே தன் பெயரிலுள்ள வீட்டு உறுதிப் பத்திரத்தைத் தந்தாள். அதை நெஞ்சோடு அணைத்தபடி, கொழும்பு வரை பஸ்ஸில் நபி மேல் ஸலவாத்து ஓதிக்கொண்டே போனேன்.

"படிக்கப் போற பள்ளிக்கூடத்துக் கடிதம் எங்க?" என்றார் விசா கந்தோரில் இருந்த தமிழர். உறுதியை நீட்டினேன்.

"இது வீட்டு உறுதியெல்லோ? அங்க வீடு கட்டவோ போறீங்கள்?"

கடிதம் ஊரில், அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. மறுபடியும் பஸ், மறுபடியும் ஸலவாத்து.

இப்போதெல்லாம் எந்தக் கந்தோருக்குப் போனாலும், கேட்ட பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்த பிறகுதான் பயப்படத் தொடங்குகிறேன்.

வகுப்புக்கு நான்கு நாள் இருக்க விசா கிடைத்தது. வீடு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.