கழிவறையைப் பார்த்துப் பள்ளி தேடிய கதை

கிள்ளான் நகரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். சின்ன ஊர்தான். ஆனால் மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி மூன்றும் உண்டு. மகளை ஒன்றாம் ஆண்டில் எதில் சேர்ப்பது என்று ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். தலைநகரில், பங்சாரில் இருக்கும் என் கணவரின் அக்கா தினமும் போன் செய்தார்.

"சீன ஸ்கூல்ல போடு லா. மாண்டரின் தெரிஞ்சா எங்க போனாலும் வேல."

"அவளுக்கு ஆறு வயசு அண்ணி. வேலைக்கா அனுப்பறேன்?"

என் கவலை வேறு. பாலர் பள்ளியில் என் மகள் வாயே திறப்பதில்லை. ஒன்றுக்கு வந்தால்கூட ஆசிரியையிடம் கேட்க மாட்டாள். அடக்கி அடக்கிப் பாவாடையை நனைத்துக்கொண்டு வருவாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் போகவே மாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஆகவே தேர்வு முடிவு, கோப்பை, கணினி அறை என்று யார் அளந்தாலும் நான் காதில் வாங்கவில்லை. கழிவறையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றேன். கணவர் சிரித்தார். சிரிக்கட்டும். பாவாடையைத் துவைத்தது நான்.

நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சீனப் பள்ளிக் கழிவறை பளபளவென்று இருந்தது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஆசிரியை அன்பாகத்தான் பேர் கேட்டார். இவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். மலாய்ப் பள்ளியில் கழிவறை வாசலில் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அங்கேயும் குனிந்து பேர் கேட்டார்கள். இவள் என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லேன்டி" என்று கிள்ளினேன். இன்னும் இறுக்கிக் கடித்தாள்.

கடைசியாகத் தமிழ்ப் பள்ளி. சுவரில் புதுச் சாயம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் தொங்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார் இது? பிள்ளைங்க எப்படிப் போவும்?"

"சொல்லியிருக்கோம்மா. ஆள் வருவாங்க," என்றார் கூட வந்த தலைமையாசிரியர்.

"எப்ப? இவ கல்யாணத்துக்கா?"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் வந்த ஓர் ஆசிரியை மகளைப் பார்த்து நின்றார். பேர் கேட்கவில்லை.

"சாப்டியா கண்ணு?"

"சாப்டேன். தோச. அம்மா கருக்கிட்டாங்க."

தாழ்ப்பாளை விட்டுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அடப் பாவமே! என்ன தொட்டுக்கிட்ட?"

"சீனி." கொஞ்சம் யோசித்தாள். "டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருது."

அவளை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார் ஆசிரியை. உள்ளிருந்து எங்கள் வீட்டுச் சட்டி பானைக் கதையெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. அப்பா தூக்கத்தில் குறட்டை விடுவதுவரை சொல்லிவிட்டாள்.

"இப்படிச் சத்தம் போடற ஆளு பெற்றோர் சங்கத்துக்கு வேணும்மா," என்றார் தலைமையாசிரியர்.

"வரேன் சார். மொதல்ல தாழ்ப்பாளப் போடுங்க."

காரில் ஏறியதும் கைத்தொலைபேசியில் ஒன்றாம் ஆண்டு விண்ணப்பத்தைத் திறந்தேன். நடுவில் அண்ணி அழைத்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதல் விருப்பம் என்ற இடத்தில் அந்தப் பள்ளியைத் தட்டினேன். "நாளைக்கே வரலாமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மகள்.