நீலமாகத் தெரிந்த நிலம்

நம் ஊரில் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்ப்போம். ஓமனில், ஸோஹார் பக்கத்துப் பண்ணையில், தினமும் காலையில் நான் பார்ப்பது எவ்வளவு தண்ணீர் வானத்துக்குப் போய்விட்டது என்கிற கணக்கை. மண்ணிலிருந்து ஆவியானது, இலை வழியாக மூச்சாகப் போனது, இரண்டையும் சேர்த்து ஈ.டி. என்கிறார்கள். சாட்டிலைட் மேலிருந்து நிலத்தின் சூட்டைப் படம் எடுக்கிறது. தண்ணீர் குடித்த நிலம் குளிர்ந்திருக்கும். தாகத்தில் கிடக்கிற நிலம் கொதிக்கும். அந்தச் சூட்டோடு வெயிலையும் காற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, குடித்தது நீலம், காய்ந்தது சிவப்பு என்று படமாகத் தருவார் எங்கள் இன்ஜினீயர் மரியம், ஓமானிப் பெண். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அதைப் படிக்க ஒரே வாரம்தான் ஆயிற்று. பட்டம் வாங்கிய சூப்பர்வைசர்கள் இன்னும் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆந்திர எல்லையில், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், எங்களுக்கு ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. நைனா ஊரார் கழனிக்கு மடை மாற்றியே செத்தார். அதே கழனிகளுக்கு நடுவில் நான் நான்கு ஏக்கர் வாங்கினேன். யார் தயவும் இல்லை, நானே. போர் போட்டு, தம்பி முனுசாமியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். கடைசிக் காலத்தில் திரும்பிப் போய் அங்கே வேர்க்கடலை போட வேண்டும். அதற்காகத்தான் இந்த மணலில் இத்தனை வருஷம். ஆனால் தம்பி இரண்டு வருஷமாக ஒரே பாட்டு: "தண்ணி வர்லணா, காஞ்சி கெடக்குது."

போன கோடையில் என் நிலத்தைக் காட்டும்படி மரியத்திடம் கேட்டேன். சுற்றிலும் சிவப்பு. நடுவில் என் நான்கு ஏக்கர் மட்டும் கருநீலம்.

"சாச்சா, ரொம்பத் தண்ணீர் போகிறதே" என்றார் இந்தியில். இங்கே கருநீலம் என்றால் வீண்செலவு, திட்டு விழும். எனக்கோ அது பாராட்டாகத்தான் கேட்டது.

"யாருடைய நிலம்!" என்றேன்.

"என்ன பயிர்?"

"கடலை."

"இந்தக் கோடையிலா?" என்று புருவத்தைத் தூக்கினார். எங்கள் மண் அப்படி என்றேன். அன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் என் பெயரில் டீ. சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, காஞ்சி கெடக்குதுன்ன? வெளஞ்சத யாருக்குடா வித்த?"

"வெளஞ்சதா? எவன்ணா சொன்னது?"

"சாட்டிலைட்டு சொல்லுது. மேல இருந்து பாத்துக்கினுதான் கீறேன்."

"ஓ, அவ்ளோ மேல ஏறி குந்திக்கினியா? எறங்கி வந்து பாருணா. நான் தடாவுல கம்பெனிக்கு ஷிப்டு போய்த்தான் துன்னுக்கினு கீறேன். கூடப் பொறந்தவன திருடன்னு சொல்ல உனுக்கு ராக்கெட்டு வேண்டி இருக்குதா? சாலுண்ணா, சாலு."

போதும் என்று போனை வைத்துவிட்டான். மறுநாள் அவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. நான்கு ஏக்கரும் வேலிகாத்தான் முள், சீமைக் கருவேலம். ஆள் உயரத்துக்கு மேல், பச்சைப் பசேலென்று. போர்க் குழாய் எங்கே என்றே தெரியவில்லை. உள்ளே போக வழியில்லாமல் படம் வரப்பிலேயே நின்றுவிட்டது. கடலை வாடினாலும், அந்த முள் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போய்க் குடிக்கும்.

மரியம் வீடியோவைப் பார்த்தார். "கணக்கு சரிதான், சாச்சா. எவ்வளவு குடித்தது என்றுதான் இது சொல்லும். குடித்தது யார் என்று நீங்கள் அல்லவா சொன்னீர்கள்?"

நான் என்ன செய்ய? காய்ந்து கிடக்கிறது என்றவன், முள் மண்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ந்த நிலம் என்றால் முள்காடு என்று எவன் நினைப்பான்? அதன் பிறகு தம்பி போனை எடுப்பதில்லை. முள்ளைப் பற்றி நானும் மெஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை. "இந்த வருஷம் கடலை எப்படி?" என்று கேட்கிறார்கள். அமோகம் என்கிறேன்.

இந்தப் பண்ணையின் வேலியோரமும் அதே முள்தான் முளைக்கிறது. தண்ணீரைத் திருடும் என்று அதை வேரோடு பிடுங்க வைப்பது என் பொறுப்பு. என்னைப்போல் அதை ஒழித்தவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. நேற்றும் ஆட்களோடு நின்று பிடுங்கிவிட்டு, உள்ளங்கையில் ஒடிந்த முள்ளோடு மரியத்தின் மேசைக்குப் போய் என் நிலத்தைத் திறக்கச் சொன்னேன். இன்னும் நீலம். பக்கத்துச் சிவப்பின் ஓரத்திலும் கொஞ்சம் நீலம் இறங்கியிருந்தது.

"பயிர் என்ற இடத்தில் இன்னும் கடலை என்றே இருக்கிறது. மாற்றட்டுமா?" என்று கேட்டார்.

இருக்கட்டும் என்றேன்.