வேகவைத்த பீட்ரூட்

இன்று வெந்நீரில் பீட்ரூட்டைப் போட்டதும் நீர் சிவந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறிப் பிளஸ் டூ தாவரவியல் செய்முறைத் தேர்வுக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. சூட்டில் செல்லின் சவ்வு சிதைந்து சாயம் கசியும், குளிர்ந்த நீரில் அவ்வளவாகக் கசியாது. அதைக் காட்டினால்தான் மதிப்பெண்.

என் குளிர்ந்த நீரும் நன்றாகச் சிவந்துவிட்டது. கம்பெனி ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா, எனக்கு நறுக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று பீட்ரூட்டை வேகவைத்துக் கொடுத்திருந்தார்.

"இன்னாடி, பொரியலுக்கா எடுத்துக்கினு வந்தே?" என்று சிரித்த பக்கத்து மேசை பாத்திமா, தன் பச்சைப் பீட்ரூட்டில் பாதியைத் தந்தாள். அதை வைத்துச் செய்து முடித்தேன்.

மாலையில் அம்மா செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டார். "தண்ணி நல்லா செவந்துச்சாம்மா?"

"எல்லா டியூப்லயும் செவந்துச்சும்மா."

"பின்ன? நான் வேகவெச்சு குட்த்தேன் இல்ல" என்றார்.