சாத்திய வாசலில் தாத்தா

எங்கள் அப்பாயி ஆனந்தவள்ளிக்குக் காத்திருக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நானெல்லாம் பிறந்தே இருக்க மாட்டேன்.

திருவெள்ளறைக் கோயிலில் பெருமாளைச் சேவிக்கப் போக இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை ஒன்று, ஆடி முதல் மார்கழி வரை மற்றது. மார்கழியில் துறையூரிலிருந்து வந்து கோயில் வாசலில் வைத்துச் சம்பந்தம் பேசியவர்கள், "தை பொறக்கட்டும், இதே வாசல்ல பொண்ணைப் பாத்துக்கறோம்" என்று சொல்லிப் போனார்கள். சொன்னபடியே தையில் வந்து சாத்திய கதவுக்கு எதிரே நின்றார்கள். பெண் வீட்டார் திறந்த வாசலில். ஆள் வந்து சொல்லியும் இரண்டு பக்கமும் அசையவில்லை. "நாங்க எதுக்குத் தேடிப் போகணும்?" வறட்டு வீம்புதான், வேறென்ன. அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அப்பாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றிப் போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

"நீங்க பாக்க வந்த பொண்ணு நான்தாங்க. வாசல் மாறிப்போச்சு. வாங்க."

பெண் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வெள்ளைச்சாமி, அதாவது என் தாத்தா, யாரையும் கேட்காமல் அவள் பின்னால் நடந்தார்.

காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக் கடை போட்டபோதும் அப்பாயி ஆள் வரட்டும் என்று உட்காரவில்லை. ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு அவளே நடந்து போய் ஆர்டர் பிடித்தாள். ரங்கநாயகி அத்தை மார்ட்டின் மாமாவைக் கட்டிக்கொண்டபோது, "இந்த வீட்ல காலெடுத்து வைக்கக் கூடாது" என்று தாத்தா குதித்தார். அப்பாயி பாலக்கரைக்குப் போய், மாசமாக இருந்த மகளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தாள். குதித்த மனுஷன் அன்று சாயங்காலமே மாதுளம்பழம் வாங்கி வந்தார்.

ஒவ்வொரு தையிலும் இருவரும் திருவெள்ளறை போவார்கள். தாத்தா வேண்டுமென்றே சாத்திய வாசலில் போய் நிற்பார். அப்பாயி திட்டிக்கொண்டே சுற்றி வந்து கூப்பிடுவாள்.

முந்தின வருஷம் ஆடியில் அப்பாயி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு தாத்தா ஸ்ரீரங்கத்து வீட்டைவிட்டு வெளியே வரவில்லை; போன தையில் திருவெள்ளறைக்கும் போகவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. இவரும் அவள் பின்னாலேயே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தையில் திடீரென்று, "திருவெள்ளறைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

ரங்கநாயகி அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். அங்கே நான் துளசி வாங்கித் திரும்புவதற்குள் தாத்தாவைக் காணோம். சாத்திய கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"தாத்தா, வாசல் அந்தப் பக்கம்."

"தெரியும்மா. அவ வந்து கூப்பிடட்டும்."

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை.

அதற்குள் எங்களைக் காணாமல், திறந்த வாசலில் நின்றிருந்த ரங்கநாயகி அத்தை தேடி வந்துவிட்டாள். தாத்தாவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"வாசல் மாறிப்போச்சுப்பா. வாங்க."

தாத்தா அவள் பின்னால் நடந்தார்.

"மெதுவா நடம்மா," என்றார். "ஒங்கம்மா மாதிரியே ஓடுற."