அதிகாரி ஐயாவுக்குப் போட்ட மணல்

காலை ஏழு மணிக்குத் திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் லோஞ்சில் ஏறினேன். கட்டணம் ஐம்பது சதம். குடாவைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம். யாழ்ப்பாணத்து வாத்தியாரான எனக்குக் கடல் என்றாலே வயிற்றைப் பிரட்டும். அன்று புண்ணியத்துக்கு அலையே இல்லை.

என்னைக் கூட்டிப்போனவர் றீற்றா மிஸி. அன்புவழிபுரத்தில் நான் விடுமுறைக்குத் தங்கியிருந்த நண்பனின் மனைவி, ஆஸ்பத்திரித் தாதி. மூதூருக்கு அப்பால், களப்பு என்கிற கடலேரியைத் தாண்டிக் கிடக்கும் ஈச்சிலம்பற்றுக்கு ஒரு மருத்துவிச்சியை அனுப்பச் சொல்லி மூன்று வருடமாகக் கடிதம் எழுதுகிறவர். "மூதூர் ஆஸ்பத்திரி கிட்டத்தானே" என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. இம்முறை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரியே நேரில் பார்க்க வந்திருந்தார். லோஞ்சின் முன்பக்கத்தில் குடையும் கோப்புமாக அவர் இருந்தார்.

"இண்டைக்கு இந்த மனுசன் 'தேவையில்லை' எண்டு எழுதினா எல்லாம் முடிஞ்சுது அண்ணை," என்று மிஸி என் காதுக்குள் சொன்னார். "ஆனா ஈச்சிலம்பற்றுக் குழி ரோட்டில ஒருக்காக் குலுங்கினாரெண்டா நான் வாயே திறக்கத் தேவையில்லை."

8.45. மூதூரிலிருந்து களப்புக்கரை வரை ஜீப். களப்பைக் கடக்கக் கயிறு பிடித்து இழுக்கும் மிதவை ஒன்று உண்டு. இங்கே அதைப் 'பாதை' என்பார்கள். தென்னோலைத் தோரணம் கட்டிய பாதை எங்களுக்காகவே காத்து நின்றது. அக்கரையில் மாட்டு வண்டி. அதில் புதுப் பாய், இரண்டு தலையணை. ரோட்டில் ஒரு குழிகூட இல்லை. மணல் போட்டு நிரவியிருந்தார்கள். நான் சுகமாகத் தூங்கிவிட்டேன்.

"குழியள் எங்க?" மிஸி பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிக்காரரிடம் கேட்டது என்னை எழுப்பியது.

"எல்லாம் மூடிப்போட்டம் மிஸி! கொழும்பால வாற ஐயா. ஊர் மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

அதிகாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரோட்டு நல்லாத்தானே கிடக்கு, மிஸி!"

மூன்று வருடக் கடிதமும் அந்த மணலுக்குள் புதைந்துபோனது. மிஸியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

10.30. பள்ளிக்கூடத்தில் மாலை, இளநீர், வரவேற்புரை. எல்லாம் முடியும் நேரத்தில் கனகம்மா என்ற பெண் எழுந்தாள். எட்டு மாத வயிறு.

"ஐயா, வாற மாசம் எனக்குப் பிள்ளைநோக் காணும். அண்டைக்கும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. நீங்க வந்தாத்தான் பாதை காத்து நிக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு, "மற்ற நாளில?" என்று கேட்டார்.

"முதல் பிள்ளையோட அந்தக் கரையிலதான் கிடந்தனான் ஐயா. பாதை வரேக்க பிள்ளை இல்லை."

மிஸி சட்டென்று எழும்பினார். "சேர், பாதைக்காரருக்குச் சொல்லி அனுப்பாமல் இப்பவே திரும்புவம். சனம் போற மாதிரிப் போய்ப் பாப்பம்."

அதிகாரி தலையாட்டினார். நோயாளியாக வண்டியில் படுக்க என்னைப் பிடித்தார்கள். எங்களுக்காக அடுப்பில் கொதித்த இறால் குழம்பை விட்டுப் புறப்பட்டதில் எனக்கு வந்த முனகல் நடிப்பே இல்லை.

12.15. களப்புக்கரை. பாதை அக்கரையில் நின்றது. நாங்கள் இரண்டு மணிக்குத்தான் திரும்புவோம் என்று நம்பிய பாதைக்காரர்கள், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தார்கள். கூப்பிட்டோம், துண்டை வீசினோம். தலைக்கு மேலே வெயில், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அதிகாரி தன் குடையை என் முகத்துக்குப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 2.20க்குத்தான் பாதை வந்தது. ஜீப் மூதூருக்குப் பறந்தும், மூன்று மணிக் கடைசி லோஞ்ச் எங்கள் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது.

"சனத்திட்ட ஜீப்பும் இல்லை, சேர்," என்றார் மிஸி.

அதிகாரி இறங்குதுறைப் பலகையிலேயே குந்தியிருந்து கோப்பைத் திறந்து, 'மருத்துவிச்சி உடனே தேவை' என்று எழுதினார். எட்டிப் பார்த்த மிஸி வாய்விட்டுச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் லோஞ்சில் என் ஊரை நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். அங்கே வரிசை நீளம் என்று நான் முறைப்பாடு வேறு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஆறு கிழமை கழித்து மிஸியின் கடிதம் வந்தது: "கனகம்மாவுக்குப் பெண் பிள்ளை. ஏழரை இறாத்தல். புதிதாக வந்த மருத்துவிச்சிக்கு, வீடு கட்டிக் கொடுக்கும்வரை, பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் அங்கேதான். மழைக்கு மணல் எல்லாம் போய்விட்டது, ரோட்டு பழையபடி குழி. அடுத்த கடிதம் அதற்குத்தான் எழுதுகிறேன். நோயாளி தேவைப்பட்டால் வருவீர்கள்தானே?"