விடத் தெரியாத விரதம்

எங்கள் குடும்பத்தில் விரதம் இருக்காத பெண் கிடையாது. நானும் இன்றுவரை வெள்ளிக்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பிடுகிறேன். அதனால், பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அக்கா பரீட்சைக்காக மாரியம்மனுக்கு வெள்ளி விரதம் பிடித்தபோது அம்மாவுக்குப் பெருமைதான். அப்புறம் செவ்வாயும் சேர்ந்தது. பிறகு சஷ்டி, கிருத்திகை. இன்றைக்கு என்ன விரதம் என்று கேட்பதையே நாங்கள் விட்டுவிட்டோம்.

செந்துறைப் பக்கம் எங்கள் தெருவே அவளைக் கொண்டாடியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைக் கண்டால் போதும், "அக்காக்காரி சாமியாட்டம் இருக்கா, நீ என்னடான்னா சட்டிய வழிச்சு நக்குற" என்பார். சாமியாட்டம் இருந்தவளுக்குச் சுடிதார் தொளதொளத்தது. நல்ல வெயிலிலும் குளிருது என்று போர்த்திக்கொள்வாள். சீப்பு நிறைய முடி வரும். ஒரே தட்டில் அவளோடு சாப்பிட்டுப் பழகியவள் நான். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன்.

பரீட்சை முடிந்ததும் அம்மா, "வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சே, விரதத்த விட்டுரு தங்கம்" என்றார். விரதத்தை விட ஒரு முறை உண்டு. படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகு விரதம் இருந்தவர் சாப்பிட வேண்டும். காக்கா வந்து தின்றுவிட்டுப் போயும் விட்டது. அக்கா இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கை வாய்க்கு வரவில்லை.

"எனக்கு விடத் தெரியலம்மா" என்றாள். "சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு. குண்டாயிருவேன்னு பயமா இருக்கு."

காத்து கருப்பு, வேப்பிலை அடிக்கணும் என்றார் பெரியம்மா. அதற்குள் எழுந்து நின்ற அக்கா மயங்கி விழுந்தாள். அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா, "இது பக்தியும் இல்ல, பிடிவாதமும் இல்ல. வியாதிம்மா" என்று சொல்லித் திருச்சிக்கு அனுப்பினார்.

அம்மாவும் கூடவே போய்த் தங்கினார். அப்பா வாரம் ஒருமுறை ரயிலேறிப் பார்த்துவிட்டு வந்து பெரியம்மாவிடம் சொல்வார்: "ஒரேயடியா ஊட்டுனா ஒடம்பு தாங்காதாம். கொஞ்சம் கொஞ்சமாத்தானாம். மனசுக்கும் தனியா டாக்டர் பாக்குறாரு. ஒல்லி, குண்டுன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாதாம்." பெரியம்மா தலைகுனிந்து கேட்பார்.

அம்மன் புண்ணியத்தில் அக்கா தேறினாள். ஆனால் அது வெகுகாலம் கழித்து. அதுவரை பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறப்பேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு அப்பா வருகிற வரை வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. எல்லோரும் அக்காவுக்காகத் திருச்சியில் இருக்கிறார்கள், எனக்கு யாருமில்லை என்று தோன்றும்.

ஒருநாள் அப்பா சோறு போட்டதும் தட்டைத் தள்ளி வைத்தேன். "நானும் விரதம். என்னையும் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அதட்டுவார் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒருநாளும் ஊட்டிவிடாதவர், என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். ரசம் சோற்றைப் பிசைந்து எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். நான் விழுங்கிவிட்டேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அவர் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. ரசத்தில் காரம் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து, சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.